மறைப்பது வேறு, காப்பது வேறு

(மாத வாசிப்புக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



என்னைக் கவிதை பற்றிப் பேசத்தான் கூப்பிட்டார்கள். கவிதையை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம். இன்றைக்கு ஒரு பில்லைப் பற்றிப் பேசப்போகிறேன். பதினான்கு மாதம் ஒரு மனநல ஆலோசகரிடம் போனேன். ஒரு தடவைக்கு 800 ரூபாய். ஐம்பது நிமிஷம். அத்தனை பில்லும் என் வீட்டு பீரோவில், துணிக்கு அடியில் கிடக்கிறது. ஒன்றைக்கூட நான் இன்சூரன்சுக்கு அனுப்பவில்லை. ஏன் அனுப்பவில்லை என்பதுதான் பேச்சு.

நான் வங்கியில் கிளார்க். வேலையில் சேர்ந்த அன்றைக்கே ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். வாடிக்கையாளரின் கணக்கு விவரத்தை வெளியில் சொல்லமாட்டேன் என்கிற உறுதிமொழி. வங்கிகளை நாட்டுடைமை ஆக்கிய 1970-ஆம் வருஷத்துச் சட்டத்தில் 13-ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது. ஒரு நாள் ஊர்த்தெருக்காரர் ஒருத்தர் கவுண்டருக்கு வந்தார். "உங்க காலனிப் பொம்பளைங்க குழுவுல எவ்வளவு சேர்ந்திருக்கு தம்பி?" என்று கேட்டார். சொல்லமுடியாதுங்க என்றேன். அவர் முகம் மாறியதே, அதைப் பார்த்ததில் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். எங்கள் பொம்பளைகளின் 18,000 ரூபாயை அவர் கண்ணுக்கு எட்டாமல் ஒரு சட்டம் காக்கிறது, அந்தச் சட்டத்தின் வாசலில் நான் நிற்கிறேன் என்கிற சந்தோஷம்.

பணத்துக்கு அப்படி ஒரு வாசல் இருக்கிறது. என் மனசுக்கு யார் வாசல் வைத்தார்கள்?

மூன்று வருஷத்துக்கு முன்னால் எனக்குத் தூக்கம் போனது. கேஷ் கவுண்டரில் உட்கார்ந்தால் நெஞ்சு அடைக்கும். நோட்டை எண்ணுவேன், எண் மறந்துபோகும். ஒரே மாதத்தில் இரண்டு தடவை கேஷ் குறைந்தது. 5,000 ஒரு தடவை, 2,000 ஒரு தடவை. கைக்காசு போட்டுக் கட்டினேன். இரண்டாவது தடவை, பின்னால் இருந்த மேசையிலிருந்து மெல்லிய குரலில் ஒரு வார்த்தை வந்தது. "கோட்டா." அவ்வளவுதான். சண்டை போடுகிற அளவுக்குக்கூடச் சத்தமாக இல்லை. கேட்காத மாதிரி இருக்கலாம் என்கிற அளவுக்குத்தான் சொன்னார்கள். நானும் கேட்காத மாதிரி இருந்தேன். அன்றைக்கு ராத்திரி பேருந்தில் வரும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதேன். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடம் போனார்.

டாக்டரிடம் போனேன். மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரையோடு பேசவும் வேண்டும், ஆலோசகரைப் பாருங்கள் என்றார்.

எனக்கு இன்சூரன்ஸ் இல்லாமல் இல்லை. 2015 இருதரப்பு ஒப்பந்தத்துக்குப் பிறகு வங்கி ஊழியர்களுக்குக் குழுக் காப்பீடு வந்தது. ஆஸ்பத்திரியில் படுக்காமலே பணம் திரும்பக் கேட்கக்கூடிய நோய்களுக்கு ஒரு பட்டியல் போட்டார்கள். அதில் மனநோயும் அதற்கான பேச்சுச் சிகிச்சையும் பெயர் சொல்லியே இருந்தது. நம் யூனியன்கள் போராடி வாங்கியது அது, அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பணத்தைக் கேட்க வேண்டுமென்றால் நோயின் பெயர் எழுதிய சீட்டு, மருந்துச் சீட்டு, பில் எல்லாவற்றையும் வைத்து விண்ணப்பம் போடவேண்டும். எங்கள் கிளையில் அது மேனேஜர் மேசை வழியாகத்தான் போனது. ஒரு சக ஊழியருக்குக் காசநோய் வந்தபோது அவர் விண்ணப்பம் காலையில் மேசைக்குப் போனது. சாயங்காலம் டீ குடிக்கும்போது அவர் டம்ளர் தனியாக வைக்கப்பட்டிருந்தது. அவர் சாதி இந்துதான். அவருக்கு அன்றைக்கு ஒரு நாள் தனி டம்ளர். தனி டம்ளரின் வரலாறு எனக்குத் தெரியும் தோழர்களே. என் காகிதத்தை அந்த மேசையில் வைக்க எனக்குக் கை வரவில்லை.

அவர்களுக்கு வருகிற நோய் நோயாக வந்து நோயாகப் போய்விடும். நமக்கு வந்தால் ஏற்கெனவே இருக்கிற ஃபைலில் இன்னொரு தாளாகச் சேரும். "கோட்டாவில் வந்தவன்" என்கிற முதல் தாள் இருக்கிறது. "மெண்டல்" என்பது இரண்டாவது தாள். பதவி உயர்வுப் பரீட்சை, இடமாற்றம், கேஷில் உட்காரவைப்பதா வேண்டாமா, எல்லாவற்றிலும் அந்த இரண்டு தாளும் சேர்ந்து பேசும். "கீழ்ப்பாக்கத்துல சேர்க்கணும்" என்பது தமிழில் ஒரு வசவு. 1794-இலிருந்து மனநோயாளிகளைப் பராமரித்து வரும் நிறுவனம் அது. அதைக்கூட வசவாக்கி வைத்திருக்கிற சமூகம், நம் காகிதத்தை வைத்து என்ன செய்யும்?

அதனால் காசை நானே கட்டினேன். மாதம் நான்கு தடவை போனால் 3,200. பேருந்துச் செலவு தனி. தங்கச்சி படிப்புக்கு அனுப்பும் பணத்தில் கை வைக்காமல், புத்தகம் வாங்குவதை நிறுத்தினேன். சீட்டுப் பணத்தை முன்கூட்டியே தள்ளி எடுத்தேன். இன்சூரன்ஸ் இருந்தும் இல்லாதவனாக இருப்பதற்கு நான் கொடுத்த விலை இது. இரகசியம் என்பது காசு இருக்கிறவனுக்கு மட்டும் கிடைக்கிற சரக்கு என்று அப்போதுதான் புரிந்தது.

இங்கே ஒரு விஷயத்தை நான் பிரித்துச் சொல்லவேண்டும். நாம் மறைத்தே பழகியவர்கள். வாடகை வீட்டுக்குப் போனால் சாதியை மறைக்கிறோம். ஹாஸ்டலில் ஊர்ப்பெயரை மறைக்கிறோம். 1917-இல் அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டு பரோடாவுக்கு வேலைக்கு வந்த அண்ணல் அம்பேத்கர், தங்க இடமில்லாமல் பார்சிப் பெயரில் ஒரு பார்சி விடுதியில் தங்கினார். பதினோராம் நாள் காலையில் தடியோடு வந்து நின்றார்கள். அவரே எழுதியிருக்கிறார். அந்தப் பத்து நாளும் அவர் மனசு எப்படி இருந்திருக்கும்? எந்த நிமிஷம் கதவு தட்டப்படுமோ என்கிற அந்த நெஞ்சடைப்புத்தான் கேஷ் கவுண்டரில் எனக்கு வந்தது. நம்மேல் திணிக்கப்பட்ட மறைப்பு நோயை உண்டாக்குகிறது.

ஆனால் காப்பு என்று ஒன்று இருக்கிறது. யாரிடம் சொல்வது, எவ்வளவு சொல்வது என்று நான் முடிவு செய்வது. அது நமக்குக் காலங்காலமாக மறுக்கப்பட்டது. சேரிக் குடிசைக்கு ஏது கதவு? ஊரார் எந்நேரமும் உள்ளே வரலாம், நாம்தான் அவர்கள் தெருவுக்குள் போகக்கூடாது. 2017 ஆகஸ்டு 24-இல் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்புச் சொன்னார்கள். பெரிய வீட்டுக்காரர்களின் கவலை அது என்று அன்றைக்கு நான் நினைத்தேன். தப்பு. கதவே இல்லாதவனுக்குத்தான் கதவின் அருமை தெரியும்.

முதலில் போன ஆலோசகரைப் பற்றிச் சொல்கிறேன். நல்ல ஏசி அறை. "கோட்டா" கதையைச் சொன்னேன். அவர் சிரித்தார். "இப்பல்லாம் யார் சார் சாதி பாக்கறாங்க? நீங்க கொஞ்சம் ஓவர் சென்சிட்டிவ்" என்றார். கட்டணத்தைக் கட்டிவிட்டு வந்துவிட்டேன். காசும் கொடுத்து அவமானமும் வாங்கினது அந்த ஒரு தடவைதான்.

இரண்டாவது ஆள் ஒரு அம்மா. உட்கார்ந்ததும் என் கதையைக் கேட்கவில்லை. விதியைச் சொன்னார். "நீங்க சொல்றது இந்த ரூமை விட்டு வெளியில போகாது. உங்க உயிருக்கோ இன்னொருத்தர் உயிருக்கோ ஆபத்துன்னா, இல்ல கோர்ட்டு உத்தரவு போட்டா, அப்ப மட்டும் தேவையான அளவு சொல்ல வேண்டிவரும். அதையும் முடிஞ்சா உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்" என்றார். நோட்டில் என்ன எழுதுவீங்க என்று கேட்டேன். திருப்பிக் காட்டினார். தேதியும் நான்கு வரியும். நான் சாதிப் பெயரைச் சொன்னபோது அவர் பேனா நின்றது. "இதை எழுதணுமா வேண்டாமா, நீங்க சொல்லுங்க" என்றார். தோழர்களே, பிறந்ததிலிருந்து என் சாதியை எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். வி.ஏ.ஓ. எழுதினார், தாசில்தார் எழுதினார், ஹெட்மாஸ்டர் எழுதினார். எழுதட்டுமா என்று என்னைக் கேட்டது அந்த அம்மா ஒருத்தர்தான். எழுதுங்க என்றேன்.

அவர் கட்டணம் 1,200. என் முகத்தைப் பார்த்தே, "உங்களால எவ்வளவு முடியும்?" என்றார். எனக்குக் கூசியது. கூலியைக் குறைத்துக் கேட்கிற பண்ணையார் மாதிரி என்னை நானே நினைத்துக்கொண்டேன். 800 என்று பேசி முடித்தோம். குறைத்துக் கேட்பதில் வெட்கம் இல்லை. கேளுங்கள். பல ஆலோசகர்கள் வருமானத்துக்குத் தகுந்த மாதிரி வாங்குகிறார்கள், ஆனால் போர்டில் எழுதி வைக்கமாட்டார்கள்.

சட்டத்தையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இல் நிறைவேறி, 2018 மே 29-இலிருந்து அமலில் இருக்கிறது. அதன் 23-ஆம் பிரிவு இரகசியம் காக்கப்படும் உரிமையைத் தருகிறது. அந்த அம்மா சொன்ன விதிவிலக்குகளும் அதில்தான் இருக்கின்றன. நம் மருத்துவப் பதிவைக் கேட்டு வாங்க 25-ஆம் பிரிவு. 18-ஆம் பிரிவு மனநலச் சேவையில் பாகுபாடு கூடாது என்று சொல்லும்போது சாதியைப் பெயர் சொல்லியே சொல்கிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அரசு நிலையங்களில் இலவசம் என்பதும் அதே பிரிவில்தான். 21-ஆம் பிரிவு, உடல்நோய்க்கு எந்த அடிப்படையோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தரவேண்டும் என்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2018 ஆகஸ்டில் கம்பெனிகளுக்கு இதைச் சொன்னது. 2022-இல் மறுபடியும் சொன்னது. ஆனாலும் நம்மூரில் பெரும்பாலான பாலிசிகள் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் கொடுக்கும். பேச்சுச் சிகிச்சைக்கு யார் படுக்கிறார்கள்? உட்கார்ந்துதானே பேசுகிறோம். ஒரே அடிப்படை என்கிற வார்த்தைக்குள்ளேயே ஏமாற்று நுழைந்துவிட்டது.

இன்னொன்று. ஆலோசகர் என்று யாரும் போர்டு மாட்டலாம் என்கிற நிலை இருக்கிறது. மருத்துவ உளவியலாளர் என்று சொன்னால், இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். நோட்டில் என்ன எழுதுவீர்கள், ரசீதில் என்ன எழுதுவீர்கள் என்று முதல் நாளே கேளுங்கள். காசே இல்லையென்றால் 14416 என்கிற எண் இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கியது, தமிழிலும் பேசலாம், இலவசம்.

கடைசியாக எங்கம்மா. மாதா மாதம் 3,200 எங்கே போகிறது என்று அம்மா கணக்குப் போட்டுவிட்டது. எனக்கு வேறு குடும்பம் இருக்கிறது என்று நினைத்திருக்கிறது. சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தது. அப்புறம் கேட்டது: "பேசுறதுக்கா காசு?" ஆமாம்மா என்றேன். "உங்கப்பன் போனப்ப எனக்கும் நெஞ்ச அடைச்சுதுடா. யார்கிட்ட சொல்றது? சொன்னா தெருவெல்லாம் பேசும். மாட்டுகிட்டதான் சொல்லுவேன். அது யார்கிட்டயும் சொல்லாது" என்றது.

அந்த மாட்டைத்தான் நான் 800 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டிருந்தேன். எனக்குச் சம்பளம் இருந்தது, வாங்கினேன். அம்மாவுக்கு? நான் அம்மாவை அழைத்துப்போன அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் நல்லவர், மருந்து இலவசம். ஆனால் வராந்தாவில் நூறு பேர் முன்னால் பேரைச் சொல்லி, எந்தப் பிரிவு என்றும் சேர்த்துச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அம்மா எழுந்திரிக்கவே இல்லை. வா போகலாம் என்று என் கையைப் பிடித்தது. இலவசத்தோடு ஒரு கதவும் சேர்த்துக் கொடுக்காவிட்டால் நம் ஆட்கள் உள்ளே போகமாட்டார்கள். எங்கே போவார்கள்? 2001 ஆகஸ்டு 6-இல் ஏர்வாடியில் சங்கிலியோடு வெந்து செத்த 28 பேரும் ஏதோ ஒரு வீட்டில் யாரோ ஒருவர் வழி தெரியாமல் கொண்டுபோய் விட்டவர்கள்தான்.

அதனால் கேட்போம். அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் பேருக்குப் பதில் எண் சொல்லிக் கூப்பிடட்டும், பேச ஒரு மூடிய அறை இருக்கட்டும். யூனியனில் கேட்போம், மருத்துவ விண்ணப்பம் கிளை மேசைக்குப் போகாமல் ஒட்டிய உறையில் நேராகப் போகட்டும். வெளிநோயாளி ஆலோசனைக்கும் காப்பீடு வரட்டும். நாமும் ஒன்று செய்யலாம். சாதியைச் சொன்னால் சிரிக்காத ஆலோசகர்கள் யார் யார் என்று நமக்குள் ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளலாம். பத்திரிகைக்குச் சந்தா கட்டுகிற மாதிரி, கட்டணம் கட்ட முடியாத தோழருக்காக ஒரு உண்டியல் வைக்கலாம். யார் எடுத்தார்கள் என்று கேட்காத உண்டியல்.

காப்பு, காப்பு என்று இவ்வளவு பேசிவிட்டு, நீயே மேடையில் சொல்லிவிட்டாயே என்று கேட்கலாம். நான் சொன்னேன். மேசை வழியாகக் கசியவில்லை. நாளை கிளையில் இது தெரியவரும். தெரியட்டும். நானே எழுதட்டும் என்று சொன்ன வார்த்தை அது.

கூட்டம் முடிந்ததும் யாராவது தனியாக என்னிடம் பேசவேண்டும் என்றால், வெளியில் டீக்கடை இருக்கிறது. அங்கே கேட்டதை நான் கவிதையாகக்கூட எழுதமாட்டேன்.