நீல மாளிகை சொல்லும் பாடம்

பினாங்கு ஜார்ஜ்டவுனில் லெபோ லீத் வழியே செல்வோரின் கண்ணில் அந்த நீல மாளிகை படாமல் போகாது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதைக் கட்டத் தொடங்கியவர் சியோங் ஃபாட் ஸீ. சீனாவின் குவாங்டோங் மாநிலத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, கடல் கடந்து வந்து பெருவணிகரானவர்.

38 அறைகள், 5 முற்றங்கள், 220 சன்னல்கள் கொண்டது அவ்வீடு. முற்றத்தில் விழும் மழைநீர் செல்வம் சேர்க்கும் என்பது சீனர் நம்பிக்கை. வீட்டுக்குக் குளிர்ச்சி தருவதும் அந்த முற்றங்களே. சுவரின் நீலம், சுண்ணாம்பில் அவுரிச் சாயம் கலந்து பூசியது. அந்தப் பூச்சு சுவரின் ஈரத்தை வெளியேற விடும்.

கடைசி மகன் வாழும்வரை வீட்டை விற்கக்கூடாது என்று உயில் எழுதிவிட்டு, 1916இல் அவர் காலமானார். 1989இல் அந்த மகனும் மறையும்வரை வீடு கைமாறவில்லை. ஆனால் வாடகைக் குடித்தனங்கள் நிறைந்து, பராமரிப்பின்றிச் சிதைந்தது. பிறகு பாரம்பரியக் கட்டட ஆர்வலர்கள் அதை வாங்கி, பழைய முறையிலேயே சீரமைத்தனர். 2000இல் யுனெஸ்கோ விருதும் கிடைத்தது.

உயில், விற்பனையைத் தடுத்தது. ஒழுகிய கூரையை அடைக்கவில்லை. பூர்வீக வீட்டின் பத்திரத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டினால் மட்டும் போதாது. மழைக்காலத்துக்கு முன் ஓட்டையும் ஒருமுறை ஏறிப் பார்க்க வேண்டும்.