திரவத்துக்குள்ள எவ்வளவு ஒழுங்கு?

வெயில்ல நிறுத்துன கார்ல கால்குலேட்டரை விட்டுட்டு வந்தா, சில நேரம் திரை முழுக்கக் கருப்பாயிடும். ஆறினதும் பழையபடி வந்துடும். உள்ள இருக்குற திரவப் படிகம் சூட்டுல ஒழுங்கை இழந்து வெறும் திரவம் ஆகிடுறதுதான் காரணம்.

திரவப் படிகம் தண்ணி மாதிரி ஓடும். ஆனா அதோட நீளமான மூலக்கூறுகள் ஏறக்குறைய ஒரே திசையில நிக்கும். ‘ஏறக்குறைய’ன்னா எவ்வளவு? அதுக்கு ஒரு எண் உண்டு. எல்லாம் ஒரே திசைன்னா 1, தாறுமாறுன்னா 0. நெமாட்டிக் வகையில பெரும்பாலும் 0.3லேர்ந்து 0.7 வரை.

இந்த எண்ணை ஒளியை வச்சும் கணக்கிடலாம். ஆனா அது மொத்தக் கூட்டத்தோட சராசரி. மூலக்கூறோட எந்தப் பகுதி எப்படி நிக்குதுன்னு கேக்க, அணுக்கருகிட்டதான் போகணும். அதாவது என்.எம்.ஆர்.

5சிபி-ன்னு ஒரு பிரபலமான திரவப் படிகம், 1970கள்ல இங்கிலாந்தோட ஹல் பல்கலைக்கழகத்துல ஜார்ஜ் கிரே குழு உருவாக்குனது. அதுல 19 ஹைட்ரஜன். எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பேசுறதால நிறமாலை ஒரு மேடு மாதிரி வரும், ஒண்ணும் புரியாது. அதனால வேண்டிய இடத்துல மட்டும் ஹைட்ரஜனை எடுத்துட்டு டியூட்டீரியத்தை வைப்பாங்க. கோடுல சந்தேகப்பட்ட வரியில மட்டும் ஒரு பிரிண்ட் போடுவோமே, அதே வேலை!

டியூட்டீரியத்தோட கரு சரியான உருண்டை இல்ல. பிணைப்போட மின்புலம் அதைப் பாதிக்கும். சாதாரண திரவத்துல மூலக்கூறு எல்லாப் பக்கமும் உருளுறதால அந்தப் பாதிப்பு சராசரியில அடிபட்டு, ஒரே கோடு வரும். ஒழுங்கு இருந்தா முழுசா அடிபடாது. கோடு ரெண்டாப் பிரியும். இடைவெளி பெருசா இருந்தா ஒழுங்கு அதிகம். 5சிபியைச் சூடாக்குனா இடைவெளி மெல்லக் குறையும். 35 டிகிரி பக்கம் வந்ததும் படக்குன்னு ஒரே கோடு.

எனக்குப் பிடிச்சது அதோட வால் பகுதி. வளையத்தை ஒட்டின கார்பன்ல இடைவெளி அதிகம், நுனிக்குப் போகப் போகக் குறையும். கடைசி மெத்தில் தானாவும் சுத்துறதால அங்க இன்னும் கம்மி. தலை விறைப்பு, வால் துவளல்.

1963ல ஆல்ஃபிரட் சவ்பேயும் கெர்ஹார்ட் எங்லெர்ட்டும் இதைத் திருப்பிப் போட்டாங்க. பென்சீனைத் திரவப் படிகத்துல கரைச்சாங்க. சாதாரண திரவத்துல ஒரே கோடு காட்டுற பென்சீன், அங்க கோடு கோடா பிரிஞ்சு நின்னுச்சு. இன்னிக்குப் புரதங்களை லேசா வரிசைப்படுத்தி வடிவம் கண்டுபிடிக்கிறவங்களும் இதே வித்தையைத்தான் பயன்படுத்துறாங்க.