ஏடும் நெல்லும்

(மகாவீரர் ஜயந்தி விழாவில் நிகழ்த்திய உரை)



வங்கியின் கடன் பிரிவில் முப்பதாண்டுகள் பணியாற்றியவன் என்பதால் பணத்தைப் பற்றிச் சிறிது பேசுமாறு பணித்தார்கள். இன்று நம் இல்லத்துப் பிள்ளைகள் பலர் நிதியியல் பயில்கின்றனர். கைப்பேசியிலேயே பங்குகளை வாங்கி விற்கின்றனர். அவர்களுடைய பாடநூலில் முதல் அத்தியாயமாக இருக்கவேண்டிய ஒன்று விடுபட்டுப் போயிற்று என்பது என் எண்ணம்.

நான் பணியில் சேர்ந்த புதிதில், மன்னார்குடிப் பக்கத்து அரிசி ஆலை ஒன்றின் கணக்கு என் மேசைக்கு வந்தது. மார்ச் 31 அன்று கடன் மலைபோல் நின்றது. கையில் ரொக்கம் மிகக் குறைவு. நான் படித்துவந்த விகிதங்களின்படி அது நொடிந்த ஆலை. மேலாளர் சிரித்தார். சம்பாவும் தாளடியும் அறுவடையாகி, பல மாதங்களுக்கு வேண்டிய நெல் அப்போதுதான் கிடங்கில் இறங்கியிருக்கும். கடன் முழுவதும் மூட்டைகளாக அடுக்கப்பட்டிருக்கும் என்றார். பிறகு, அரைத்த நெல் எவ்வளவு, கிடைத்த அரிசி எவ்வளவு என்று பார்த்தார். ஒரு குவிண்டால் நெல்லுக்குப் புழுங்கலரிசி 68 கிலோ என்பது அரசு கொள்ளும் அளவு. ஏடு 75 கிலோ காட்டினால் ஏட்டை நம்பலாகாது. மின்கட்டண ரசீதையும் தவிடு விற்ற கணக்கையும் அருகில் வைத்து ஒப்பிட்டார். ஏடும் நெல்லும் ஒத்துப்போயின, கடன் வழங்கப்பட்டது.

நிதி ஆய்வின் அடித்தளம் இதுவே. 1934இல் பெஞ்சமின் கிரகாமும் டேவிட் டாடும் எழுதிய நூல், நிறுவனங்களின் கணக்கை ஐயுற்றுப் படிக்கும் கலையைக் கற்பித்தது. 1952இல் ஹாரி மார்க்கோவிட்ஸ் முதலீட்டுத் தொகுப்புக் கோட்பாட்டை வெளியிட்டார். அக்கட்டுரையின் தொடக்கத்திலேயே அவர் நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிடுகிறார். முதலீட்டுத் தெரிவுக்குக் கட்டங்கள் இரண்டு; கூர்ந்து நோக்கி, வருங்காலம் குறித்து ஒரு கருத்துக்கு வருவது முதற்கட்டம்; அக்கருத்தைக் கொண்டு தெரிவு செய்வது அடுத்தது; தாம் பேசுவது அடுத்ததைப் பற்றியே என்கிறார். பின்வந்தோர் அதன்மேல் மாடி மாடியாகக் கட்டினர். விலையிலேயே எல்லாச் செய்தியும் அடங்கியுள்ளது என்ற கருத்து 1970களில் வலுப்பெற்றது. முதற்கட்டத்தை யார் செய்வது என்று கேட்பாரில்லை. பணத்தை ஓரிடத்தில் முடக்காமல் பிரித்து வை என்னும் அக்கோட்பாட்டின் அறிவுரை நன்றே. ஆனால் பிரித்து வைக்கும் பத்து இடங்களிலும் ஏடு பொய்யானால் என் செய்வது?

ஏட்டைப் பாராத பிழை பழையது. 1906 அக்டோபர் 22 அன்று சென்னையின் ஆர்பத்நாட் நிறுவனம் நொடித்தது. வைப்பாளர்கள் நம்பியது பெயரை. இலண்டன் கூட்டாளியின் ஊகவணிகத்தில் அவர்கள் பணம் கரைந்திருந்தது. திருவிடைமருதூரில் பிறந்த வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் பணம் இழந்தோருக்காக வாதாடினார். அடுத்த ஆண்டே இந்தியன் வங்கி தோன்ற முன்னின்றார்.

நம் காலத்தில் சத்யம். 2009 சனவரி 7 அன்று, ஏட்டில் காட்டிய வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று அதன் தலைவரே கடிதம் எழுதினார். ஒரே நாளில் பங்குவிலை முக்கால் பங்குக்கு மேல் சரிந்தது. அதற்கு முந்தைய நாள்வரை விலையில் எந்தச் செய்தி அடங்கியிருந்தது? வைப்பு ரசீதுகளை வங்கியிடமே நேரில் கேட்டுச் சரிபார்த்திருந்தால் போதும். கணிதம் ஏதும் வேண்டியதில்லை.

நம் அறக்கட்டளையின் ஆண்டுக் கணக்கு ஜினாலய முகப்பில் ஒட்டப்பட்டுள்ளது. 'நிரந்தர வைப்பு' என்னும் வரிக்குரிய ரசீதுகள் செயலாளரிடம் உள்ளன. நிதியியல் பயிலும் பிள்ளைகள் இருவர், உணவுக்குப் பின் அவரிடம் சென்று, ரசீதை வரியோடு ஒப்பிட்டுப் பார்த்து, நாளை வங்கிக்கும் ஒருமுறை போய்வரவேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். செயலாளர் இசைந்துவிட்டார்.