இருட்டுக்காலமும் எங்கள் வீடும்
(சங்கத்தின் புத்தாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வடக்கிலே குடும்பம் நடத்திய கதையைச் சொல்லும்படி கேட்டார்கள். நான் மேடைப் பேச்சாளன் அல்ல, மீன் வெட்டியவன். ஆகவே கண்டதையும் பட்டதையும் மட்டும் சொல்கிறேன்.

நோர்வேயின் வடகிழக்கு மூலையில் வார்டோ என்றொரு சின்னஞ்சிறு தீவூர் இருக்கிறது. பெருநிலத்துக்குப் போவதென்றால் கடலுக்கு அடியாலே ஏறக்குறைய 3 கிலோமீற்றர் சுரங்கப்பாதை. கடல்மட்டத்துக்குக் கீழே 88 மீற்றர் வரை இறங்கி ஏறவேண்டும். நோர்வேயின் முதலாவது கடலடி வாகனச் சுரங்கம் அதுதான். அங்கே கடல் உறைவதில்லை, தெற்கிலிருந்து வரும் வெப்ப நீரோட்டம் அதைக் காப்பாற்றுகிறது. ஆனால் காற்று இருக்கிறதே, அது மனிசரை நிற்க விடாது. மறைப்பதற்கு ஒரு மரமும் இல்லை.

நான் 1986இல் அங்கே மீன் பக்டரிக்குப் போனேன். 1988இல் மனைவியும் மூன்று வயது மகளும் வந்து சேர்ந்தார்கள். மீன் வந்தால் வேலை, வராவிட்டால் வீடு. 1989 ஏப்ரல் 18ஆம் திகதி, புத்தாண்டுப் பலகாரம் முடிய முன்னமே, கரையோரக் கொட் மீன்பிடியை அரசாங்கம் நிறுத்தியது. கடலில் மீன் அவ்வளவுக்குக் குறைந்துபோயிருந்தது. ஊரே வாயடைத்து நின்றது. நோர்வேஜியரும் நாங்களும் ஒரே கவலையோடு ஒரே வாங்கில் இருந்து கோப்பி குடித்த காலம் அது.

நவம்பர் கடைசிக் கிழமையில் போகிற சூரியன் ஜனவரி 20 அளவில்தான் திரும்பி வரும். மத்தியானத்தில் இரண்டு மூன்று மணித்தியாலம் நீல நிறமாய் ஒரு மங்கல் வெளிச்சம், அவ்வளவுதான். இப்போது யோசித்துப் பாருங்கள், தைப்பொங்கல் 14ஆம் திகதி வந்துவிடும். யாருக்குப் பொங்குவது? சூரியனே இல்லையே! முதல் வருசம் என் மனைவி குசினியிலே மின்சார அடுப்பில் பொங்கிவிட்டு, "எந்தப் பக்கம் பார்த்துக் கும்பிடுறது அப்பா?" என்று கேட்டா. என்னிடம் மறுமொழி இருக்கவில்லை.

வார்டோவில் ஒரு பழைய கோட்டை உண்டு. சூரியவட்டம் முழுதாகக் கண்ணில் படுகிற நாளில் அங்கே பீரங்கி வெடி தீர்ப்பார்கள். பள்ளிக்கூடத்துக்கும் லீவு. அந்தச் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் துள்ளிக்கொண்டு ஓடிவருவார்கள். அதன்பிறகு எங்கள் வீட்டில் வருசத்துக்கு இரண்டு பொங்கல். ஒன்று பஞ்சாங்கப் பொங்கல், மற்றது வெடிப் பொங்கல். இரண்டாவதுக்கு அக்கம்பக்கத்து நோர்வேஜியரும் கிண்ணத்தோடு வந்தார்கள்.

1991 ஜனவரியில் மகன் பிறந்த கதையைச் சொல்லவேண்டும். பிரசவத்துக்கு கிர்க்கெனெஸ் ஆஸ்பத்திரி. வீதியாலே சுமார் 240 கிலோமீற்றர். மனைவிக்கு நோ கண்ட இரவு பனிப்புயல், வட்சோவுக்குப் போகிற வீதி பூட்டு. பக்கத்து வீட்டு வயோதிப அம்மா வந்து மகளைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, கையால் பின்னிய காலுறையை மனைவியின் கையில் திணித்தா. ஒருவருக்கொருவர் பாசை விளங்காது, ஆனால் சொன்னது விளங்கியது. விடியப்புறம் கொலோன விட்டார்கள். முன்னுக்குப் பனி வழிக்கும் வாகனம், பின்னாலே வரிசையாக எங்கள் கார்கள், கடைசியிலே ஒரு காவல் வாகனம். முன்னாலே போகிறவனின் சிவப்பு லைற்றைத் தவிர வேறொன்றும் தெரியாது. அதைத் தவறவிட்டால் வீதியையே தவறவிட்டது மாதிரி. ஒருத்தன் நின்றால் எல்லோரும் நிற்கவேண்டும். அப்படித்தான் போய்ச் சேர்ந்தோம். தாயும் பிள்ளையும் சுகம்.

அந்தச் செய்தியை அம்மாவுக்கு அறிவிக்க வழியில்லை. 1990 யூனில் திரும்பவும் சண்டை தொடங்கியபின் யாழ்ப்பாணத்தில் மின்சாரமில்லை, ரெலிபோன் இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் அம்மா இருந்தா. அங்கே விளக்கில்லாத இருட்டு, இங்கே சூரியனில்லாத இருட்டு. பேரன் பிறந்த கடிதம் மாதக்கணக்கில் அலைந்துதான் அவவின் கைக்குக் கிடைத்தது. ஆனாலும் கிடைத்தது.

மகள் பன்னிரண்டு வயதில் கொட் மீனின் நாக்கு வெட்டிக் காசு உழைக்க வெளிக்கிட்டாள். அந்த ஊர்ப் பிள்ளைகளின் வழக்கம் அது. "பொம்பிளைப்பிள்ளை கத்தியோடை துறைமுகத்திலை நிக்கிறதோ?" என்று தாய் பேசினா. முதல் காசில் மகள் தாய்க்குக் கையுறை வாங்கிக் கொடுத்தாள். பேச்சு நின்றது.

பிறகு பக்டரிகள் ஒன்றொன்றாய் ஆட்டம் கண்டன. எங்கள் சனம் ஒஸ்லோவுக்கு இறங்கியது. பிள்ளைகளின் படிப்பு, கோயில், தமிழ்ப் பள்ளிக்கூடம், உறவு. போனவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஒவ்வொரு குடும்பம் புறப்படும்போதும் அங்கே ஒரு தமிழ் வகுப்பு மெலிந்தது. நாலு பிள்ளைகள் மூன்றானார்கள், மூன்று ஒன்றானது. ஒரு பிள்ளைக்கு எப்படி வகுப்பு நடத்துவது? நான் நடத்தினேன். அந்த ஒன்று என் மகன்.

இன்று மகளும் தெற்கிலே. "அப்பா, வயசு போகுது, வாங்கோ" என்கிறாள். தாய்க்கு அந்த ஊர் முதியோர் இல்லத்தில் பராமரிக்கிற கிழவிகளை விட்டுவர மனமில்லை. ஒரு காலம் எங்களைத் தாங்கிய கைகள் அல்லவா? இந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

சபையோரிடம் இரண்டு வேண்டுகோள். வடக்கிலே இன்னும் ஒன்று இரண்டாய் இருக்கிற எங்கள் குடும்பங்களுக்கு இருட்டுக்காலத்தில் ஒருக்கால் ரெலிபோன் எடுங்கோ. கொலோனவில் கடைசிக் காரும் எங்கள் கார்தான். மற்றது, பிள்ளைகளே, உங்கள் அம்மா அப்பா எந்தப் பனியைத் தாண்டி வந்தார்கள் என்று கேளுங்கோ. தமிழிலே கேளுங்கோ. தமிழிலேதான் அவர்கள் அதை முழுதாகச் சொல்லுவார்கள்.