போதும் என்று சொல்லப் பழகுவோம்

(காளவாசலில் நடந்த ஆதரவாளர் கூடுகையில் ஆற்றிய உரை)





காளவாசல் என்றால் செங்கலும் சுண்ணாம்பும் சுடுகிற சூளை. இன்று இந்தச் சந்திப்பில் நின்று பைபாஸ் சாலையைப் பார்த்தால் வேறொரு சூளை எரிவது தெரியும். ஒவ்வொரு விளம்பரப் பலகையும், "உனக்கு இன்னும் ஒன்று குறைகிறது" என்று நம்மிடம் சொல்லுகிறது. கையில் பணம் இல்லையென்றால் தவணை உண்டு. அந்தத் தவணை முடியுமுன்னே அடுத்த தவணை. காதுகுத்து, சடங்கு, கல்யாணம் எதுவானாலும் பக்கத்து வீட்டாரைவிட ஒரு படி மேலே செய்துகாட்ட வேண்டும். சபைக் குடும்பங்களாகிய நாமும் இதற்கு விலக்கல்ல.

இதன் முடிவை நாங்கள் வார்டுகளில் காண்கிறோம். சம்பளம் முழுவதும் தவணைக்கே போய்விடுகிற வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால், நோயாளி மருத்துவமனைக்கு வருமுன்பே நகை அடகுக் கடைக்குப் போய்விடுகிறது. சிலர் பணத்துக்காகக் காத்திருந்து, நோய் முற்றிய பிறகு வருகிறார்கள்.

பவுல் அப்போஸ்தலன் எந்த நிலைமையிலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டதாக எழுதினார். அதை எங்கே எழுதினார் என்பதைக் கவனியுங்கள். காவலில் கட்டுண்டிருந்தபோது, பிலிப்பி சபையார் அனுப்பிய காணிக்கையைப் பெற்றுக்கொண்டு எழுதிய நன்றிக் கடிதத்தில் எழுதினார். அந்தக் காணிக்கையைச் சுமந்து வந்த எப்பாப்பிரோதீத்து மரணத்துக்குச் சமீபமாய் வியாதிப்பட்டார். ஆகவே மனரம்மியமும் கொடுத்தலும் ஒரே கடிதத்தில் சேர்ந்தே நிற்கின்றன. போதும் என்று அறிந்தவனுக்கே கொடுப்பதற்கு ஏதாவது மிஞ்சும். இன்னொன்று, பவுல் அதைக் கற்றுக்கொண்டார். அது பிறவிக் குணமல்ல. அப்படியானால் நாமும் கற்றுக்கொள்ளலாம்.

நம் மண்ணிலும் ஒருவர் அதைக் கற்றுக்கொண்டார். தஞ்சாவூரில் 1892இல் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த ஜே. சி. குமரப்பா லண்டனில் கணக்குத் தணிக்கை பயின்றவர். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்தவர். பம்பாயில் நல்ல வருமானம் இருந்தது. 1929இல் காந்தியடிகளைச் சந்தித்தபின் அந்த வாழ்க்கையை விட்டு, கதர் உடுத்தி, கிராமத் தொழில்களுக்குத் தம்மை ஒப்புக்கொடுத்தார். 1950களில் இங்கிருந்து திருமங்கலம் வழியாகப் போகிற டி. கல்லுப்பட்டியில், காந்தி நிகேதன் ஆசிரமத்தில் எளிமையாக வாழ்ந்தார். 1960 ஜனவரி 30 அன்று சென்னையில் காலமானார்.

1934 ஜனவரியில் பீகாரில் பெரும் பூகம்பம் நேர்ந்தபோது நிவாரண நிதியின் கணக்குகளை அவரே கவனித்தார். தொண்டர்களின் அன்றாடச் செலவுக்கு ஆளுக்கு மூன்று அணா என்று வரையறுத்தார். காந்தியடிகள் தம் குழுவினரோடு வந்தபோது, அவர்களுடைய செலவையும் அந்த நிதியிலிருந்து கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார். காந்தியடிகளும் அதை ஏற்றுக்கொண்டார். துன்பப்படுகிறவர்களுக்காக வந்த பணம் அவர்களுக்கே சேரவேண்டும் என்பதே அவருடைய கணக்கு. உங்கள் காணிக்கையைக் கையாளுகிற எங்களுக்கு இது பெரிய பாடம். ஒரு புதிய கருவி வாங்குமுன், இது நோயாளிக்குத் தேவையா, அல்லது மற்ற மருத்துவமனைகளில் இருக்கிறது என்பதற்காகவா என்று நாங்களும் கேட்டாக வேண்டும்.

ஒரு எச்சரிப்பும் அவசியம். மருந்து வாங்க வழியில்லாத தாயிடம், "உள்ளது போதும் என்றிரு" என்று சொல்வது பிரசங்கமல்ல, கொடுமை. போதும் என்கிற வார்த்தை, உண்ணவும் உடுக்கவும் உள்ள நாம் நமக்கே சொல்லிக்கொள்ள வேண்டியது. பசித்தவனுக்கும் வியாதியஸ்தனுக்கும் நாம் சொல்ல வேண்டியது, "வாருங்கள், பகிர்ந்துகொள்வோம்" என்பதே.

இதை வீட்டிலே எப்படிப் பழகுவது? விரும்பிய பொருளை உடனே வாங்காமல் ஒரு வாரம் காத்திருந்து ஜெபியுங்கள். பல ஆசைகள் அந்த வாரத்திலேயே அடங்கிவிடும். வரவு செலவை நோட்டில் எழுதி, கணவனும் மனைவியும் சேர்ந்து பாருங்கள். விசேஷ வீடுகளில் ஒரு செலவையாவது குறைத்து, அதை ஒரு ஏழை நோயாளிக்காக எடுத்து வையுங்கள். பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லிக் கொடுங்கள். பந்தியில் ஒரு பதார்த்தம் குறைந்ததை உறவினர் நாளைக்கே மறந்துவிடுவார்கள். சுகமாகி வீடு திரும்புகிறவர் மறக்கமாட்டார்.

சூளைக்குள் போகிற பச்சைச் செங்கல் உறுதியாகி வெளியே வருகிறது. ஆசைகள் கொழுந்துவிட்டு எரிகிற இந்தக் காலத்தில் நம் குடும்பங்களும் அப்படியே உறுதிப்பட கர்த்தர் கிருபை செய்வாராக. ஆமென்.