பழைய கணினியும் புதிய விதையும்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

  

"சார், கம்ப்யூட்டர் பத்திப் பேசப் போறீங்களாம். எங்களுக்குப் புரியுற மாதிரி பேசுங்க" என்று வாசலிலேயே ஒரு தாயார் என்னை எச்சரித்துவிட்டார். அவர் சொன்னது முழுக்க நியாயம். அந்த அம்மா முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசுகிறேன்.

நான் கணினித் துறையில் பட்டம் பெற்றவன் அல்லன். ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ்தான் என் கையில் இருக்கும் ஒரே ஏடு. சிலருக்குத் தூண்டில் போடுவது பொழுதுபோக்கு. சிலருக்குப் புறா வளர்ப்பது. எனக்கோ, பிறர் தூக்கி எறிந்த பழைய கணினிகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, அதிகம் பேர் கேள்விப்படாத இயங்குதளங்களை அவற்றில் ஏற்றி, ஓடுகிறதா என்று பார்ப்பது பொழுதுபோக்கு. என் வீட்டுக்காரி அந்த அறைக்கு வைத்திருக்கும் பெயர் 'இரும்புக் கடை'.

இயங்குதளம் என்றால் என்ன? இங்கே இருக்கும் பெரியவர்களுக்குப் பிரட்டுக்களம் தெரியும். விடியற்காலையில் எல்லாரும் வந்து நிற்பார்கள். கத்தி இருக்கும், வாளி இருக்கும், மரமும் இருக்கும். ஆனாலும் கங்காணி பேர் கூப்பிட்டு, யாருக்கு எந்த நிரை என்று பிரித்துக் கொடுத்தால்தான் வேலை நடக்கும். கணினிக்குள்ளும் அப்படித்தான். திரை, விசைப்பலகை, நினைவகம், அச்சுப்பொறி எல்லாம் இருந்தாலும், எது எப்போது எந்த வேலையைச் செய்ய வேண்டும் என்று பிரித்துக் கொடுக்க ஒரு கங்காணி வேண்டும். அந்தக் கங்காணிதான் இயங்குதளம். நாம் கடையில் வாங்கும் கணினியில் பெரும்பாலும் இருப்பது மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் விண்டோஸ். அதனால் உலகத்திலேயே அது ஒன்றுதான் இருக்கிறது என்று பலர் நினைத்துக்கொள்கிறோம்.

அது அப்படியல்ல. விண்டோஸ் போன்றவை பாக்கெட்டில் வரும் மசாலாத்தூள் மாதிரி; குழம்பு வைக்கலாம், உள்ளே என்னென்ன எந்த அளவில் சேர்ந்திருக்கிறது என்று கேட்க முடியாது. திறந்த மூல இயங்குதளம் என்பது அம்மா கைப்பக்குவத்தைப் பக்கத்து வீட்டுக்கும் எழுதிக் கொடுத்த மாதிரி. எழுதியவர்கள் தங்கள் நிரல் முழுவதையும் எல்லார் பார்வைக்கும் வைத்துவிடுகிறார்கள். யாரும் படிக்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். காசும் பெரும்பாலும் கேட்பதில்லை.

"சும்மா கொடுக்கிறதுல என்ன சார் பெருசா இருக்கப் போகுது?" என்று கேட்பீர்கள். மலாக்காக்காரர்கள் மட்டும் இந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது! ஏன் என்று சொல்கிறேன்.

1888-இல் சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்துக்குத் தலைவராக வந்த ரிட்லி என்ற வெள்ளைக்காரர், ரப்பர் விதைகளை வைத்துக்கொண்டு பார்த்த தோட்டக்காரர்களிடம் எல்லாம் "நட்டுப் பாருங்கள்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவரைப் பைத்தியம் என்றே பட்டப்பெயர் வைத்துக் கேலி செய்தார்கள். மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுக்கும் முறையையும் அவர்தாம் சோதித்துக் காட்டினார். அவர் பேச்சை நம்பி 1896-இல் ரப்பர் நட்டவர் நம் மலாக்காவைச் சேர்ந்த டான் சே யான். இடம், இதோ இருக்கிற புக்கிட் லிந்தாங். பிறகு புக்கிட் ஆசகானிலும் நட்டார். அந்த விதையிலிருந்துதான் தோட்டம் வந்தது, நம் பாட்டன் பூட்டன் கப்பலேறி வந்தார்கள். அவர்கள் பட்ட பாடு வேறு கதை. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் கேலிக்கு ஆளான ஒரு விதை ஒரு நாட்டையே மாற்றியது என்பதற்கு நாமே சாட்சி.

கணினி உலகத்திலும் அப்படி ஒன்று நடந்தது. ஆம்ஸ்டர்டாமில் பேராசிரியராக இருந்த டானன்பாம், மாணவர்கள் படித்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே 1987-இல் மினிக்ஸ் என்ற சின்ன இயங்குதளத்தை எழுதினார். பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் அதை வைத்துப் பழகினார். பிறகு தாமே ஒன்றை எழுதத் தொடங்கி, இது வெறும் பொழுதுபோக்குதான், பெரிதாக வராது என்ற பொருளில் 1991 ஆகஸ்டில் அறிவித்தார். அதுதான் லினக்ஸ். இன்று உங்கள் சட்டைப்பையில் ஆண்ட்ராய்டு கைப்பேசி இருந்தால், அதன் அடியில் ஓடுவது லினக்ஸ் கருதான். உலகின் தலைசிறந்த 500 மீக்கணினிகளும் 2017 முதல் லினக்ஸில்தான் ஓடுகின்றன. 'பொழுதுபோக்கு' என்ற சொல்லை இனி நாம் மட்டமாகச் சொல்லலாமா?

லினக்ஸாவது இன்று பேர் பெற்றுவிட்டது. பேர் பெறாத பிள்ளைகள் மேல்தான் எனக்குப் பிரியம் அதிகம். 1994-இல் ஜிம் ஹால் என்ற அமெரிக்க மாணவர், பழைய டாஸ் அழிந்துவிடக் கூடாது என்று தொடங்கியது ஃப்ரீடாஸ். 1993-இல் பிறந்தவை நெட்பிஎஸ்டி, ஃப்ரீபிஎஸ்டி என்ற இரண்டும். மாணவர்களே, நீங்கள் ஆசைப்பட்டுப் பேசும் பிளேஸ்டேஷன் 4 இருக்கிறதே, அதன் இயங்குதளம் ஃப்ரீபிஎஸ்டியிலிருந்து வந்ததுதான்! கோலிப்ரி என்று ஒன்று உண்டு; ஒரு சின்னஞ்சிறு பறவையின் பெயர். முழு இயங்குதளமும் 1.44 எம்பி பிளாப்பித் தட்டு ஒன்றில் அடங்கிவிடும். உங்கள் கைப்பேசியில் எடுக்கும் ஒரு படத்துக்கே அந்த இடம் போதாது.

ஹைக்கூ என்ற இயங்குதளத்தின் கதை என் மனத்தைத் தொட்டது. பிஓஎஸ் என்ற அழகான இயங்குதளத்தைச் செய்த நிறுவனம் 2001-இல் கைமாறிப் போயிற்று. அதை நேசித்தவர்கள் "போனால் போகட்டும்" என்று விடவில்லை. முதலிலிருந்து எழுதத் தொடங்கினார்கள். முதல் பீட்டா வெளியீடு வந்தது 2018-இல். 17 ஆண்டுகள்! ஒரு பிள்ளை பிறந்து ஐந்தாம் படிவம் முடிக்கும் காலம். எத்தனையோ பேர் தங்கள் ஓய்வு நேரத்தைக் கொடுத்தார்கள். பொறுமை என்றால் அது.

இதில் தமிழுக்கு என்ன பங்கு என்று கேட்க வேண்டியது நம் கடமை. நம் நாட்டுக்காரரான முத்து நெடுமாறன் 1985-இலேயே கணினிக்கு 'முரசு' மென்பொருளைத் தந்தார். ஆப்பிள் கணினிகளில் இருக்கும் 'இணைமதி' எழுத்துருவும் அவர் வடித்ததே. 1991-இல் வந்த யூனிகோடு முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. லினக்ஸின் திரைகளைத் தமிழில் பெயர்த்தவர்கள் பல நாடுகளில் இருந்த தமிழ்த் தொண்டர்கள். சென்னையில் சி-டாக் நிறுவனம் செய்த பாஸ் லினக்ஸ் 2007-இல் வெளிவந்தது. அதுவும் இந்திய மொழிகளை மனத்தில் கொண்டு எழுந்தது.

ஆனால் சின்ன இயங்குதளங்களில் தமிழ் இன்னும் தடுமாறுகிறது. ஒருநாள் அப்படி ஒன்றை ஏற்றி, ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் முன்னால் 'கொக்கு' என்று தட்டினேன். வகுப்பே சிரித்தது. "சார், கொம்பு பின்னாலே முளைச்சிருக்கு!" என்றான் ஒருவன். காரணம் இதுதான். கணினிக்குள் முதலில் 'க' சேமிக்கப்படும். கொம்பு அதற்குப் பின்னால்தான் சேமிக்கப்படும். திரையில் காட்டும்போது கொம்பை முன்னே தூக்கி வைக்க இயங்குதளத்துக்குத் தெரிய வேண்டும். அதற்கு யாரோ ஒருவர் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஆறு வயதுப் பிள்ளையும் ஏழு வயதுப் பிள்ளையும் கண்டுபிடித்த பிழையை, அதை எழுதிய வெளிநாட்டுக்காரர் கண்டுபிடிக்க முடியாது. அவருக்குத் தமிழ் தெரியாதே! நிரல் திறந்திருப்பதால், அதைத் திருத்தும் வாசலும் திறந்திருக்கிறது. அந்த வாசலில் நுழைய வேண்டியவர்கள் நாம்தான்.

இனி, நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன். 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. பள்ளிக்கூடம் மூடியாயிற்று, பாடமெல்லாம் வீட்டிலிருந்து. நம் லயத்தில் ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள், ஒரே கைப்பேசி. அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். கட்டுப்பாடு சற்றுத் தளர்ந்ததும், பட்டணத்துப் பழைய சாமான் கடையில் 30 வெள்ளிக்கு ஒரு பழைய கணினியை வாங்கினேன். நினைவகம் ஒரே ஒரு கிகாபைட். பப்பி லினக்ஸ் என்று ஒன்று. 2003-இல் ஆஸ்திரேலியாவில் ஒருவர் தொடங்கியது. நாய்க்குட்டி என்று பெயர் வைத்தாலும், கிழட்டுக் கணினியிலும் துள்ளி ஓடும். அதை ஏற்றி அந்த வீட்டில் கொண்டுபோய் வைத்தேன்.

உண்மையைச் சொல்ல வேண்டும். நேரலை வகுப்பு அதில் சரியாக ஓடவில்லை. படம் நின்று நின்று போயிற்று. ஆனால் மூன்றாம் படிவத்தில் இருந்த மூத்த பெண் அதில் கட்டுரை எழுதினாள். தம்பிகளுக்குக் கணக்கு எழுதிப் போட்டாள். அது படுத்துக்கொண்டால் தானே எழுப்பினாள். இன்று அவள் பாலிடெக்னிக் மாணவி. படிப்பது கணினி அல்ல, கணக்கியல். ஆனாலும் எந்தக் கணினியைக் கண்டும் அவளுக்குப் பயம் கிடையாது. எனக்கு அது போதும்.

வெற்றியை மட்டும் சொன்னால் நான் ஆசிரியன் அல்லன். இன்னொரு பெற்றோரின் கணினியைச் சீர் செய்வதாக வாங்கிவந்து, அவசரத்தில் தவறான வட்டைத் தேர்ந்தெடுத்து அழித்துவிட்டேன். அதில் அவர் மூத்த மகள் திருமணப் படங்கள் இருந்தன. அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் போய்க் கைகட்டி நின்று சொன்னேன். அவர் இருபது வருடம் பால் வெட்டியவர். இப்போது செம்பனைக் குலை வெட்டுகிறார். வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "சார், புதுசா கத்தி பிடிக்கிறவன் பட்டையைத் தாண்டி மரத்தைக் காயப்படுத்தத்தான் செய்வான். கை பழகிடும். ஆனா காயம் பட்ட இடம் முடிச்சா நிக்கும், அதைப் பாத்துக்கிட்டே வெட்டணும்." உறவினர் கைப்பேசிகளில் தேடியதில் பாதிப் படங்கள்தாம் கிடைத்தன. அந்த முடிச்சை நான் இன்றும் பார்த்துக்கொண்டேதான் வேலை செய்கிறேன்.

ஆகவே, ஆசைப்படுகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சில வார்த்தைகள். முதலாவது, எதையும் தொடுமுன் உள்ளே இருப்பதை வேறிடத்தில் படியெடுங்கள். இரண்டாவது, பல இயங்குதளங்களை வட்டில் ஏற்றாமலே விரலியிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். முதலில் அப்படிப் பழகுங்கள். மூன்றாவது, அன்றாட வேலைக்கு வேண்டிய கணினியில் விளையாடாதீர்கள், பழையதை எடுங்கள். நான்காவது, என்ன செய்தீர்கள், என்ன கெட்டது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். ஐந்தாவது, பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

எல்லாவற்றுக்கும் இது மருந்து என்று நான் சொல்லவில்லை. சில அச்சுப்பொறிகள் முரண்டு பிடிக்கும். சில மென்பொருள்கள் விண்டோஸ் இல்லாமல் அசையமாட்டா. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அடுத்த பதிப்புக்குத் தகுதியில்லை என்று எத்தனையோ நல்ல கணினிகள் குப்பைக்குப் போகின்றன. குப்பைக்குப் போவது நம் லயத்துப் பிள்ளைக்கு முதல் கணினியாகலாம் அல்லவா? உங்கள் பட்டணத்து உறவினர் வீட்டில், கடையில், அலுவலகத்தில் அப்படிக் கிடந்தால் பள்ளிக்குச் சொல்லியனுப்புங்கள். தானமாக வந்த மாட்டை நான் பல்லைப் பிடித்துப் பார்க்கமாட்டேன். ஸ்குரூ டிரைவரோடு வந்து நிற்பேன்.

பெற்றோர்களே, "நமக்கெதுக்கு சார் அதெல்லாம்?" என்ற வார்த்தையை மட்டும் பிள்ளைகள் காதில் போடாதீர்கள். அடுத்தவன் செய்ததை வாங்கிப் பயன்படுத்துகிறவர்களாகவே நம் பிள்ளைகள் இருந்துவிட வேண்டுமா? உள்ளே திறந்து பார்த்து, "இது ஏன் இப்படி?" என்று கேட்கிறவர்களாக வளரட்டும். மாணவர்களே, இன்று பரிசு வாங்காதவர்களும் மனம் தளர வேண்டாம். பின்னால் முளைத்த கொம்பைப் பிடித்து முன்னால் கொண்டுவந்து வைக்கப் போகும் கை, உங்களில் யாருடைய கையாகவும் இருக்கலாம். இரும்புக் கடை சனிக்கிழமை தோறும் திறந்திருக்கும், வாருங்கள்.