தீட்டு நின்ற பிறகு பெண்கள் படும் பாடு

(ஈரோட்டில் நடந்த கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம், பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோன பிறகு மூத்திரப் பையில் ஏற்படுகிற கோளாறுகளும், அதற்காகக் கொடுக்கப்படுகிற ஹார்மோன் மருந்தும் என்பதாகும். இதை நோட்டீசில் பார்த்த சில தோழர்கள் என்னிடம் வந்து, "தாய்மார்கள் இருக்கிற கூட்டத்தில் மூத்திரம் என்கிற வார்த்தையைச் சொல்லலாமா?" என்று கேட்டார்கள். ரிஷியினுடைய இந்திரியம் குடத்தில் விழுந்து அதிலிருந்து பிள்ளை பிறந்த கதையைப் பாகவதர் பாட, பெண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்து கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு வருகிறவர்களுக்கு, தன் தாயாருடைய மூத்திரப் பையைப்பற்றிக் கேட்க மாத்திரம் வெட்கம் வருகிறதென்றால், அந்த வெட்கத்துக்கு நான் என்ன மரியாதை கொடுக்க முடியும்?

நான் வைத்தியனல்ல. பள்ளிக்கூடப் படிப்பும் அதிகம் இல்லாதவன். படித்தவர்களிடம் கேட்டும், புத்தகங்களைப் புரட்டியும் தெரிந்துகொண்டதைச் சொல்லுகிறேன். சரியென்று பட்டால் ஒப்புக்கொள்ளுங்கள். சந்தேகமிருந்தால் டாக்டரிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

முதலாவது, நம் வீடுகளில் நடப்பதைப் பாருங்கள். 50 வயதான ஒரு அம்மாள் இருமினால், தும்மினால், தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் இரண்டு சொட்டு மூத்திரம் சேலையில் இறங்கிவிடுகிறது. அல்லது, வருகிறது என்று தோன்றியதும் கொல்லைப்புறம் போய்ச் சேருவதற்குள் வந்துவிடுகிறது. இரவில் நாலு தடவை, ஐந்து தடவை எழுந்திருக்கவேண்டியிருக்கிறது. மாதம் தவறாமல் நீர்க்கடுப்பு. இதை அந்த அம்மாள் யாரிடம் சொல்லுவாள்? புருஷனிடம் சொல்லமாட்டாள். மகனிடம் சொல்லவே மாட்டாள். மருமகளிடம் சொன்னால், மறுநாள் கிணற்றடி முழுவதும் தெரிந்துவிடும். ஆகவே கலியாணத்துக்குப் போவதை நிறுத்துகிறாள். ஈரோட்டிலிருந்து சத்தியமங்கலத்துக்குப் பஸ் ஏறவேண்டுமானால் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதை நிறுத்துகிறாள். கடைசியில் கட்டில் திண்ணைக்குப் போகிறது. "அம்மிச்சி பக்கத்தில் போனால் நாற்றமடிக்கிறது" என்று பேரப்பிள்ளை சொல்லுகிறான். இருட்டில் அவசரமாக எழுந்து ஓடும்போது வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்த கிழவிகள் எத்தனை பேர் என்று அவரவர் ஊரில் எண்ணிப் பாருங்கள்.

இதற்குச் சொல்லப்படுகிற காரணங்களோ வேடிக்கையானவை. சூடு பிடித்துவிட்டதென்று கால் பெருவிரலில் சுண்ணாம்பு தடவுகிறார்கள். பிள்ளை பெற்ற காலத்தில் பத்தியம் தவறிவிட்டதென்கிறார்கள். அம்மன் குற்றமென்று பண்ணாரிக்குக் குண்டம் நேர்ந்துகொள்ளுகிறார்கள். ஒன்றுக்கும் கேட்காவிட்டால், "வயசானால் அப்படித்தான்; தலையெழுத்து" என்று சொல்லிவிடுகிறார்கள்.

பெண்ணுக்கு மாதவிடாய் வருகிற வரையில் அவளைத் தீட்டென்றும், வீட்டுக்குத் தூரமென்றும் மூலையில் உட்காரவைப்பதற்கு வேண்டிய சட்டங்களெல்லாம் சாஸ்திரக்காரர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நின்றுபோன பிறகு அவள் உடம்பு என்ன ஆகிறது என்பதைப்பற்றி ஒரு வரியாவது கவலைப்பட்டதுண்டா? சபரிமலையில் 10 வயது முதல் 50 வயது வரை பெண்கள் வரக்கூடாது என்று வைத்திருந்தார்கள். அது செல்லாதென்று 2018 செப்டம்பர் 28-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லி, பிறகு 2019-ல் அது மறு விசாரணைக்காகப் பெரிய பெஞ்சுக்குப் போயிற்று. அது நிற்க. நம் தேசத்துப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதிலேயே மாதவிடாய் நின்றுவிடுகிறது. அப்படியானால் நடுவில் உள்ள மூன்று நாலு வருஷத்துக்கு எந்தத் தீட்டுக்காக அவளைத் தடுத்தார்கள்? கணக்குக்கூடச் சரியாகப் போடவில்லை!

இனி உண்மையான காரணத்தைப் பார்ப்போம். பெண்ணின் கர்ப்பப்பைக்கு இரண்டு பக்கத்திலும் இரண்டு சினைப்பைகள் இருக்கின்றன. அவை ஈஸ்ட்ரோஜன் என்கிற ஒரு ரசத்தை இரத்தத்தில் விட்டுக்கொண்டிருக்கின்றன. இது பிள்ளை பெறுவதற்கு மாத்திரம் என்று நினைக்காதீர்கள். கருவிலே உடம்பு உருவாகிறபோது, மூத்திரத் தாரையும் பெண்குறியின் கீழ்ப்பாகமும் ஒரே இடத்திலிருந்து பிரிந்து வளருகின்றன. ஆனதால் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற இந்த உறுப்புகளெல்லாம் அந்த ரசத்தை எதிர்பார்த்தே இருக்கின்றன. அது இருக்கிற வரையில் உள் தோல் தடிப்பாகவும், ஈரமாகவும், இரத்த ஓட்டத்தோடும் இருக்கும். சினைப்பை ஓய்ந்து ரசம் வற்றினால், காலிங்கராயன் வாய்க்காலில் தண்ணீரை நிறுத்தினால் கடைமடை வயல் எப்படிக் காய்ந்து வெடிக்கிறதோ, அதுபோல இந்தத் தோலும் மெலிந்து, வறண்டு, சிறு உராய்வுக்கும் எரிய ஆரம்பிக்கிறது. மூத்திரத் தாரையின் வாய் இறுக மூடமாட்டாமல் தளருகிறது. பையும் கொஞ்சம் நிறைந்ததுமே அவசரம் கொடுக்கிறது.

நீர்க்கடுப்பு திரும்பத் திரும்ப வருவதற்கும் இதுவே காரணம். பாலைத் தயிராக்குகிற கிருமிகளின் இனத்தைச் சேர்ந்த நல்ல கிருமிகள் பெண்குறியில் குடியிருந்து, அந்த இடத்தைப் புளிப்பாக வைத்திருக்கின்றன. அந்தப் புளிப்பில் மலக்குடலிலிருந்து வருகிற கெட்ட கிருமிகள் பிழைக்கமாட்டா. ரசம் வற்றினால், நல்ல கிருமிகளுக்கு அந்தத் தோலிலிருந்து கிடைக்கிற தீனி போய்விடுகிறது, அவை சாகின்றன, புளிப்பு போகிறது, கெட்டவை குடியேறி மூத்திரத் தாரை வழியாக மேலே ஏறுகின்றன. இதில் அம்மன் எங்கே வந்தாள்?

மாதவிடாய் நிற்கிற காலத்தில் உடம்பு திடீர் திடீரென்று அனலாகக் காய்ந்து வேர்க்கிறதே, அது பெரும்பாலும் சில வருஷத்தில் தானாகத் தணிந்துவிடும். இது அப்படியல்ல. கவனிக்காமல் விட்டால் வயது ஆக ஆக அதிகமாகும். மாதவிடாய் நின்ற பெண்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் இதில் ஏதாவதொன்றை அனுபவிக்கிறார்கள். அப்படியிருந்தும், மூத்திர உபத்திரவத்தையும் சேர்த்து வைத்தியர்கள் இதற்கு ஒரு பொதுப் பெயர் வைத்தது 2014-ல்தான். பெண்ணின் நோய்க்குப் பெயர் வைக்கவே இவ்வளவு காலம்!

சரி, மருந்து என்ன? வற்றிப்போன ரசத்தை வெளியிலிருந்து கொடுப்பதுதான். இந்த ரசத்தில் ஒரு வகையை முதன்முதல் தனியாகப் பிரித்தெடுத்தது 1929-ல். அமெரிக்காவில் டாய்ஸி என்பவரும், ஜெர்மனியில் பூட்டநாண்ட் என்பவரும். எதிலிருந்து எடுத்தார்கள் தெரியுமா? பிள்ளைத்தாய்ச்சிப் பெண்களின் மூத்திரத்திலிருந்து! பிறகு 1942-ல் அமெரிக்காவில் 'பிரிமரின்' என்கிற மாத்திரை விற்பனைக்கு வந்தது. அது சினைக் குதிரையின் மூத்திரத்திலிருந்து எடுக்கப்பட்டது. "பார்த்தீர்களா, நாங்கள் பசு மூத்திரத்தைக் குடித்தால் மாத்திரம் பரிகாசம் செய்கிறீர்களே" என்று யாராவது கேட்கலாம். குதிரையை லட்சுமி என்று கும்பிட்டு யாரும் அதைக் குடிக்கவில்லை. அதில் இன்ன சரக்கு இருக்கிறது என்று கண்டு, பிரித்து, நிறுத்து, இவ்வளவு என்று அளந்து கொடுத்தார்கள். தப்பு நேர்ந்தபோது அதையும் அவர்களே கண்டுபிடித்தார்கள். அந்தக் கதையைத்தான் நீங்கள் முக்கியமாகக் கேட்கவேண்டும்.

1966-ல் ராபர்ட் வில்சன் என்கிற அமெரிக்க டாக்டர், மாதவிடாய் நிற்பதே ஒரு வியாதி என்றும், இந்த மாத்திரையைச் சாப்பிட்டால் பெண்கள் என்றைக்கும் இளமையாக இருக்கலாம் என்றும் புத்தகம் எழுதினார். அவருக்கு மருந்துக் கம்பெனிகளின் பணம் வந்ததென்பது பிற்பாடு தெரிந்தது. காயகல்பம் விற்கிறவன் சட்டை போட்டிருந்தாலென்ன, காவி கட்டியிருந்தாலென்ன? லட்சக்கணக்கான பெண்கள் விழுங்கினார்கள். 1975-ல், ஈஸ்ட்ரோஜனைத் தனியாகச் சாப்பிடுகிறவர்களுக்குக் கர்ப்பப்பையின் உள்தோலில் புற்றுநோய் பல மடங்கு அதிகம் என்று தெரியவந்தது. அதற்கு மாற்றாக இன்னொரு ஹார்மோனைச் சேர்த்துக் கொடுத்தார்கள். அதையும் சும்மா நம்பாமல், 16,608 பெண்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு நிஜ மாத்திரையும் மற்றதற்கு வெறும் மாத்திரையும் கொடுத்து, யாருக்கு எது என்று தெரியாமல் வருஷக்கணக்காகக் கவனித்தார்கள். 2002 ஜூலையில் அந்தச் சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள். ஏனெனில் வருஷத்துக்கு 10,000 பேரில், மருந்து சாப்பிட்ட பிரிவில் மார்புப் புற்றுநோய் 8 பேருக்கும், பாரிசவாயு 8 பேருக்கும் அதிகமாக வந்தது. எலும்பு முறிவு குறைந்தது.

நம் விஷயத்துக்கு இதைவிட முக்கியமானது 2005-ல் வெளியாயிற்று. ஒழுக்கே இல்லாமல் சோதனையில் சேர்ந்த பெண்களில், ஹார்மோன் மாத்திரை விழுங்கினவர்களுக்கு, ஒரு வருஷத்தில், இருமினால் தும்மினால் ஒழுகுகிற உபத்திரவம் வெறும் மாத்திரை விழுங்கினவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்திருந்தது! அதாவது, எதற்கு நல்லதென்று பல டாக்டர்கள் நம்பிக்கொண்டிருந்தார்களோ, அதையே அது கெடுத்தது. இதை எந்த ஞானதிருஷ்டிக்காரன் கண்டான்? எண்ணிப் பார்த்ததனால் தெரிந்தது.

அப்படியானால் ஹார்மோனே விஷமா? அதுவும் இல்லை. 1993-ல் ராஸ், ஸ்டாம் என்கிற இரண்டு டாக்டர்கள், அடிக்கடி நீர்க்கடுப்பு வருகிற 93 பெண்களை எடுத்துக்கொண்டு, பாதிப்பேருக்கு எஸ்ட்ரியால் என்கிற ஹார்மோன் களிம்பைப் பெண்குறிக்குள் வைக்கக் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு வெறும் களிம்பு. வெறும் களிம்பு வைத்தவர்களுக்கு வருஷத்துக்குச் சராசரி 6 தடவை நீர்க்கடுப்பு வந்தது. மருந்துக் களிம்பு வைத்தவர்களுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான். வயிற்றுக்குள் விழுங்கினால் உடம்பு முழுவதும் சுற்றுகிற மருந்து, வேண்டிய இடத்தில் மாத்திரம் துளி வைத்தால் இரத்தத்தில் மிகச் சொற்பமே கலக்கிறது. வேலையும் அந்த இடத்திலேயே நடக்கிறது. கடைமடைக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் ஊரையெல்லாம் முழுக வைக்கவேண்டியதில்லையே! 2025 நவம்பரில் அமெரிக்க சர்க்காரின் மருந்து இலாகாவும், இந்த மருந்துகளின்மேல் 20 வருஷத்துக்கு மேலாக ஒட்டியிருந்த எச்சரிக்கைச் சீட்டில் பெரும்பாகத்தை எடுத்துவிடப்போவதாக அறிவித்தது.

எஸ்ட்ரியால் களிம்பு நம் ஊர் மருந்துக் கடைகளிலும் கிடைக்கிறது. ஆனால் கடைக்காரரிடம் கேட்டு வாங்கிப் பூசிவிடாதீர்கள். டாக்டர் பார்த்துத்தான் கொடுக்கவேண்டும். மாதவிடாய் நின்று ஒரு வருஷத்துக்குப் பிறகு ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் உடனே காட்டவேண்டும்; அது புற்றுநோயின் அடையாளமாக இருக்கலாம். மார்புப் புற்றுநோய் வந்தவர்கள் அதைக் கட்டாயம் சொல்லவேண்டும். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். நிறுத்தினால் பழைய நிலைமை திரும்பும். எல்லாவற்றுக்கும் முன்னால் சர்க்கரை வியாதி இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். நம் பக்கத்தில் அடிக்கடி மூத்திரம் போகிறவர்களில் அநேகருக்கு அதுவே காரணமாயிருக்கும்.

இருமும்போது ஒழுகுகிறவர்களுக்குக் களிம்பைவிடப் பெரிய மருந்து ஒன்றிருக்கிறது. அதற்குக் காசு வேண்டாம். 1948-ல் கீகெல் என்கிற டாக்டர் எழுதி வைத்தது. மூத்திரத்தையும் காற்றையும் அடக்குகிறபோது எந்தச் சதையை இறுக்குகிறோமோ, அதை இறுக்கி ஐந்து எண்ணுகிறவரை பிடித்து விடவேண்டும். ஒரு வேளைக்குப் பத்துத் தடவை, நாளுக்கு மூன்று வேளை, மூன்று மாதம். மாவரைக்கும்போதும் செய்யலாம், மஞ்சள் மண்டியில் உட்கார்ந்து கிழங்கு பொறுக்கும்போதும் செய்யலாம். பக்கத்தில் இருக்கிறவருக்குத் தெரியவே தெரியாது. இதற்கும் ஒரு மந்திரம் சேர்த்து யோகமென்று பெயர் வைத்திருந்தால் இதற்குள் ஆயிரம் பேர் காசு கொடுத்துக் கற்றிருப்பார்கள்.

தண்ணீரைக் குறைப்பது மாத்திரம் கூடாது. குறைத்தால் மூத்திரம் சுண்டி எரிச்சல் அதிகமாகும். ஆனால் தண்ணீர் குடிக்கச் சொல்லுகிற நாம், போக இடம் கொடுத்திருக்கிறோமா? ஜவுளிக் கடைகளில் நாள் முழுவதும் நின்றே வேலை செய்கிற பெண்களுக்கு உட்கார ஒரு நாற்காலி கொடுக்கவேண்டுமென்று 2021-ல் இந்த ராஜ்யத்தில் சட்டம் போடவேண்டியிருந்தது. உட்காரவே சட்டம் வேண்டியிருந்தால், கக்கூசுக்குப் போக என்ன வேண்டியிருக்கும்?

இன்னொரு அக்கிரமத்தையும் சொல்லியாகவேண்டும். "அங்கே உபத்திரவமா? கர்ப்பப்பையை எடுத்துவிடு" என்கிற வைத்தியம். ஆப்பக்கூடல், அந்தியூர்ப் பக்கத்துத் தோழர்களுக்குக் கரும்பு வெட்டு எவ்வளவு கஷ்டமான வேலை என்று தெரியும். மராட்டிய நாட்டில் பீட் ஜில்லாவில் கரும்பு வெட்டப் போகிற பெண்கள், மாதவிடாயினால் ஒரு நாள் வேலை நின்றாலும் கூலி போய்விடும், மேஸ்திரிக்குத் தண்டம் கட்டவேண்டும் என்பதற்காகக் கர்ப்பப்பையையே எடுத்துக்கொண்டார்கள். 2019-ல் விசாரித்தபோது, 82,000 சொச்சம் பெண்களில் 13,800-க்கு மேற்பட்டவர்களுக்கு அது எடுக்கப்பட்டிருந்தது. கூடவே சினைப்பைகளையும் எடுத்துவிட்டால், 50 வயதில் வரவேண்டிய வறட்சி 35 வயதிலேயே ஒரே நாளில் வந்துவிடும். தேவையில்லாமல் கர்ப்பப்பை எடுப்பதைத் தடுக்க எல்லா ராஜ்யங்களும் ஏற்பாடு செய்யவேண்டுமென்று 2023 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் உத்தரவு போட்டது. ஆகவே யாராவது அப்படிச் சொன்னால், எதற்காக என்று கேளுங்கள். இன்னொரு டாக்டரிடமும் காட்டுங்கள்.

ஒரு தோழர் துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். "என் தாயாருக்கு 68 வயது. மாதவிடாய் நின்று 20 வருஷத்துக்கு மேலாகிறது. இனிமேல் மருந்து வைத்துப் பலனுண்டா?" என்று கேட்கிறார். உண்டு. விழுங்குகிற மாத்திரையை அந்த வயதில் புதிதாக ஆரம்பிப்பதுதான் ஆபத்து. களிம்புக்கு அந்தத் தடை இல்லை. ஈரோடு அரசு ஆஸ்பத்திரியிலோ, பெருந்துறை மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியிலோ மகளிர் வைத்தியப் பகுதி இருக்கிறது. காலையில் வெறும் வயிற்றோடு அழைத்துப்போங்கள், சர்க்கரையும் பார்த்துவிடலாம். மருமகளை மாத்திரம் அனுப்பிவிட்டு நீங்கள் டீக்கடையில் உட்கார்ந்துவிடாதீர்கள். அந்த அம்மாள் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். இரவில் எத்தனை தடவை எழுந்திருக்கிறார்கள் என்பதை நீங்களே இரண்டு நாள் எண்ணி, ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போய் டாக்டரிடம் கொடுங்கள்.